3200 என்று வாங்கிய ரேம் 2400-ல் ஓடுவது ஏன்?

கம்ப்யூட்டரை நீங்களே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவர் என்றால், மேற்கொண்டு படிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைத் தொடுங்கள். கீழே 'ஸ்பீட்' என்று ஓர் எண் தெரியும். ரேம் வந்த பெட்டியை எடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

நான் இதைச் செய்தபோது கம்ப்யூட்டர் வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 ரேம். பெட்டியில் 3200. திரையில் 2400. ஏதோ கோளாறு என்று நினைத்து ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். அதே 2400. உண்மையில் கோளாறு எதுவும் இல்லை. வேகமாக ஓடு என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு ரேமின் பலகையிலும் மெமரி சிப்புகளோடு சேர்த்து மிகச் சிறிய இன்னொரு சிப்பும் இருக்கும். அதை எஸ்பிடி என்பார்கள். அந்த ரேமின் ஜாதகமே அதில்தான் எழுதியிருக்கிறது: எத்தனை ஜிபி, எந்த வேகம், எவ்வளவு வோல்டேஜ். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் மதர்போர்டு முதலில் இதைத்தான் படிக்கும். படித்துவிட்டு, மெமரி தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு நிர்ணயித்த வேகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். டிடிஆர்4-க்கு அது பெரும்பாலும் 2133, 2400 அல்லது 2666, வோல்டேஜ் 1.2. எந்த பிராசசரோடு, எந்த போர்டில் மாட்டினாலும் ரேம் உயிரோடு எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காக வைத்த எண்கள் இவை.

பெட்டியில் போட்டிருக்கும் 3200 வேறு சங்கதி. ரேம் கம்பெனி தன் சிப்புகளைச் சோதித்து, 1.35 வோல்ட் கொடுத்தால் இது 3200-ல் நிற்கும் என்று உறுதி சொல்கிறது. அந்த எண்களும் எஸ்பிடி-யில் தனியாக எழுதப்பட்டிருக்கும். இதற்குப் பெயர் எக்ஸ்எம்பி. இன்டெல் 2007-ல் டிடிஆர்3 காலத்தில் கொண்டுவந்தது. ஏஎம்டி 2022-ல் ரைசன் 7000 வரிசையோடு, டிடிஆர்5-க்காக எக்ஸ்போ என்று தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டுமே நீங்கள் பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் மதர்போர்டின் செட்டிங் பக்கத்தில், போய் ஆன் செய்தால்தான் வேலைக்கு வரும். காசு கொடுத்து வாங்கிய வேகம் ஒரு மூலையில் சும்மா கிடக்கும் என்பது எனக்கு இன்றும் மனதை உறுத்துகிற விஷயம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அந்த நான்கு எண்கள்

ரேமின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். என்னுடையதில் 3200, பக்கத்தில் 16-18-18-38, அப்புறம் 1.35 வோல்ட் என்று இருக்கிறது. முதல் எண் வேகம். அடுத்த நான்கும் டைமிங், அதாவது காத்திருப்புக் கணக்கு.

முதல் எண்ணில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு, அதைத் தீர்த்துவிடுவோம். 3200 என்பதை மெகாஹெர்ட்ஸ் என்று எல்லோரும் சொல்கிறோம். டாஸ்க் மேனேஜரிலேயே பல காலம் அப்படித்தான் இருந்தது. ஆனால் ரேமின் கடிகாரம் துடிப்பது 1600 மெகாஹெர்ட்ஸில்தான். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை, ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று தகவல் போகிறது. டிடிஆர் என்ற பெயரே அந்த இரட்டைக் கணக்கிலிருந்து வந்ததுதான். அதனால் சிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்த்துவிட்டு "1600தான் காட்டுகிறது, பாதி வேகம்தான் வருகிறது" என்று பயப்பட வேண்டாம். அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இனி டைமிங். இதைப் புரிந்துகொள்ள ரேமின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உவமை எங்கள் தெருமுனை மருந்துக்கடை.

அந்தக் கடைச் சுவர் முழுக்க நீளமான இழுப்பறைகள். நீங்கள் சீட்டைக் கொடுத்ததும் கடைப் பையன் ஓர் இழுப்பறையை அப்படியே உருவி மேசையில் வைக்கிறான். இதற்குக் கொஞ்ச நேரம். வைத்த இழுப்பறைக்குள் உங்கள் மாத்திரை அட்டையைத் தேடி எடுக்கிறான். இதற்கும் கொஞ்ச நேரம். அடுத்து நிற்பவர் கேட்கும் மருந்தும் அதே இழுப்பறையில் இருந்தால் உடனே எடுத்துவிடலாம். வேறு இழுப்பறை என்றால், மேசையில் இருப்பதை முதலில் சுவருக்குள் திரும்பத் தள்ள வேண்டும். அப்புறம்தான் புதியதை உருவ முடியும்.

ரேமிலும் தகவல் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறது. ஒரு வரிசையைத் திறந்து, அதில் தேவையான இடத்தைப் படிக்கத் தயாராவதற்கான நேரம் அந்த நான்கில் இரண்டாவது எண், 18. இதை டிஆர்சிடி என்பார்கள். திறந்த வரிசையிலிருந்து கேட்ட தகவல் கைக்கு வரும் நேரம் முதல் எண், 16. இதுதான் எல்லோரும் பேசும் சிஎல். திறந்ததை மூடி அடுத்ததற்குத் தயாராகும் நேரம் மூன்றாவது, டிஆர்பி. நான்காவதான 38, டிராஸ்: ஒரு வரிசையைத் திறந்தால் குறைந்தது இவ்வளவு நேரம் திறந்தே இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுக்கு ஓர் அழகான காரணம் இருக்கிறது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு நுண்ணிய மின்தேக்கியும் சேர்ந்த ஜோடியில் மின்னேற்றமாகத் தங்கியிருக்கிறது. ஐபிஎம்மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்ட் யோசித்த இந்த அமைப்புக்கு 1968-ல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய டிடிஆர்5 வரைக்கும் அடிப்படை அதே ஜோடிதான். இதில் சிக்கல் என்னவென்றால், படித்தாலே மின்தேக்கியிலிருந்த மின்னேற்றம் கலைந்துவிடும். எனவே வரிசையைத் திறந்ததும் அதில் இருந்ததைத் திரும்ப நிரப்பியாக வேண்டும். அது முடியும் முன் மூடினால் தகவல் போச்சு. டிராஸ் என்ற எண் அதற்கான அவகாசம்.

சரி, 16 என்றால் 16 என்ன? 16 கடிகாரத் துடிப்பு. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். துடிப்பின் நீளம் வேகத்துக்கு வேகம் மாறும் என்பதால் சிஎல் எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அதை நானோ வினாடியாக மாற்றிப் பார்க்க வேண்டும். கணக்கு சுலபம்: சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் போதும்.

என் ரேமுக்கு 16 பெருக்கல் 2000, வகுத்தல் 3200: பத்து நானோ வினாடி. 3600 வேகம், சிஎல் 18 என்று ஒரு ரேம் இருந்தால் அதற்கும் பத்துதான். டிடிஆர்5-ல் 6000, சிஎல் 30 என்று விற்கிறார்களே, அதற்கும் அதே பத்து. 30 என்ற எண்ணைப் பார்த்து "டிடிஆர்4-ஐ விட மந்தம்" என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காத்திருப்பு ஒன்றேதான். ஆனால் பத்து நானோ வினாடி கழித்துத் தகவல் கொட்ட ஆரம்பித்தால், 6000-ல் கொட்டும் அளவு கிட்டத்தட்ட இரு மடங்கு.

ஏழு மாதம் என் ரேம் ஓடிய 2400-ல் சிஎல் 17. போட்டுப் பாருங்கள்: 14 நானோ வினாடிக்குக் கொஞ்சம் மேல். கொட்டும் அளவும் குறைவு. ஒரு துடிப்பில் இரண்டு முறை, முறைக்கு 8 பைட் வீதம் ஒரு சேனல் வழியே போகும் என்பதால் 3200-ல் நொடிக்கு 25.6 ஜிபி, 2400-ல் 19.2 ஜிபி.

எந்த ஸ்லாட்?

இப்போது சேனல் என்ற சொல் வந்துவிட்டது. பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே தகவல் போகும் பாதைதான் அது. டைமிங்கைத் தொடும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் லாபம் அதிகம். சாதாரண மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தாலும் சேனல் இரண்டுதான். இரண்டு ரேம் வைத்திருப்பவர் அடுத்தடுத்த ஸ்லாட்டில் மாட்டினால் பெரும்பாலும் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துகொள்ளும், பாதை பாதியாகிவிடும். பிராசசர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் மாட்டுவதுதான் அநேகமாக எல்லா போர்டுகளிலும் சரி. உங்கள் போர்டின் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள், ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 16 ஜிபி ரேம் ஒன்றை மாட்டுவதை விட 8 ஜிபி இரண்டு மாட்டச் சொல்வதும் இதற்காகத்தான்.

எக்ஸ்எம்பி-யை ஆன் செய்வது

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, திரை வெளிச்சமாகும் முன்பிருந்தே டெலீட் விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் பயாஸ் திறக்கும். சில போர்டுகளில் எஃப்2. முதல் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி, டிஓசிபி, எக்ஸ்போ என்று ஏதோ ஒரு பெயரில் பொத்தான் இருக்கும். டிஓசிபி என்பது ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்எம்பி-யைப் பயன்படுத்த ஒரு கம்பெனி வைத்த பெயர், பொருள் அதேதான். அதில் முதல் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள்.

அடுத்து நடப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், சில சமயம் தானே அணைந்து மறுபடி எழும். மதர்போர்டு புதிய வேகத்துக்கு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. டிடிஆர்4-ல் இது அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டிடிஆர்5-ல் முதல் முறை சில நிமிடங்கள்கூட ஆகும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்திவிட்டு "போர்டு போய்விட்டது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மறுபடி பாருங்கள். பெட்டியில் இருந்த எண் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் போர்டோ பிராசசரோ அனுமதிக்காமல் இருக்கலாம். இன்டெல்லின் எச்610 போன்ற அடிமட்ட மதர்போர்டு சிப்செட்களில் ரேமை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, வழியில்லை. பி560-இலிருந்து இன்டெல்லின் பி வரிசைக்கு அந்த வசதி வந்தது. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டையும் பிராசசர் கம்பெனிகள் ஓவர்கிளாக் கணக்கில்தான் வைத்திருக்கின்றன, வாரன்டி விதிகளிலும் அப்படித்தான். பல வருடமாக லட்சக்கணக்கானவர்கள் செய்கிற வேலை என்பதால் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனாலும் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்துவதில் நட்டமும் இல்லை. இணையம் பார்ப்பது, ஆவணம் தட்டுவது, படம் பார்ப்பது இவற்றில் ரேம் வேகம் கண்ணுக்கே தெரியாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசரின் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில் விளையாடுபவர்களுக்குத்தான் மாற்றம் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அதற்கு வீடியோ மெமரியும் இதே ரேம்தான். வலுவான கிராஃபிக்ஸ் கார்டு வைத்து 1080பி-யில் விளையாடுபவர்களுக்கு, கூட்டமான காட்சிகளில் வரும் திக்கல் குறையும்.

அதற்கு மேல் போக ஆசைப்பட்டால்

நான் ஆசைப்பட்டேன். ரைசன் 5000 வரிசையில் பிராசசரின் உள் பாதைக்கும் ரேமுக்கும் ஒரு தாளக்கட்டு உண்டு. ரேமின் கடிகாரமும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற அந்தப் பாதையின் கடிகாரமும் சமமாக ஓடினால் காத்திருப்பு குறைவு. ரேம் 3600 என்றால் அதன் கடிகாரம் 1800. அநேக ரைசன் 5000 பிராசசர்களில் ஃபேப்ரிக்கும் 1800 வரை வரும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் இரண்டும் பிரிந்துவிடும், எண் கூடியும் வேகம் குறைகிற கூத்து நடக்கும். இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்து கியர் 1, கியர் 2 என்று இதே மாதிரி ஒன்று இருக்கிறது. ஆகவே எனக்கு எல்லை 3600.

3200-க்கு வைத்திருந்த 16-18-18-38-ஐ அப்படியே வைத்து 3600-ஐப் போட்டேன். எழவே இல்லை. மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு போர்டே பழைய எண்ணுக்குத் திரும்பியது. 18-22-22-42 என்று தளர்த்தியதும் விண்டோஸ் வந்தது. ரேமில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழைகூட இல்லை. சந்தோஷமாக அப்படியே விட்டுவிட்டேன். அது பிப்ரவரி.

மே மாதம் அக்கா மகளின் காதுகுத்துப் புகைப்படங்களை மெமரி கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். மறுநாள் திறந்து பார்த்தால் நாலைந்து படங்களில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ஒரு படத்தில் குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள், முகம் வரை இருக்கிறது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கார்டை இன்னும் அழிக்காமல் இருந்ததால் பிழைத்தேன். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில், மெம்டெஸ்டை மறுபடி ஓட்டினேன். பத்தாவது நிமிடத்தில் திரையில் சிவப்பு வரிகள்.

காரணம் வெயில். மின்தேக்கியில் நிற்கும் மின்னேற்றம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி, தானாகக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ரேம் தன் எல்லா வரிசைகளையும் 64 மில்லி வினாடிக்குள் ஒரு சுற்று நிரப்பிக்கொண்டே இருக்கிறது, டிடிஆர்4-ல் 7.8 மைக்ரோ வினாடிக்கு ஒரு முறை வேலையை நிறுத்திவிட்டு நிரப்பும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். சிப் 85 டிகிரியைத் தாண்டினால் இரு மடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும் என்று ஜெடெக் விதியே இருக்கிறது. என் ரேம் அவ்வளவு சூட்டுக்குப் போயிருக்காது. ஆனால் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும் செட்டிங்கைக் கீழே தள்ள அவ்வளவு தேவையில்லை. அப்படி ஓரத்தில் வைத்த எண்கள் இரவின் குளிரில் நிற்கும், சித்திரை மதியத்தில் சறுக்கும்.

ரேம் பிழை ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான். ப்ளூ ஸ்கிரீன் வந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். வராமல் நாள்கணக்கில் ஓடும்போதுதான் ஒரு பிட் அங்கே, ஒரு பிட் இங்கே என்று புரண்டு, புரண்டபடியே ஹார்டு டிஸ்க்கில் எழுதப்படுகிறது. எனவே எந்த எண்ணை மாற்றினாலும் சோதனை முடியும்வரை முக்கியமான ஃபைல்களைத் தொடாதீர்கள். பென்டிரைவிலிருந்து ஓடும் மெம்டெஸ்ட்86 முதல் கட்டம். நான்கு சுற்றும் பிழையின்றி முடிய வேண்டும், ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். அப்புறம் விண்டோஸில் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி-யைச் சில மணி நேரம். நம் ஊரில் என்றால் இதை நண்பகலில், ஏசி இல்லாமல், கூடவே ஒரு கேமும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் சூடு நேராக ரேமின் மேல்தான் அடிக்கும்.

மாற்றும்போது ஒரு தடவைக்கு ஓர் எண் மட்டும். இரண்டை மாற்றிவிட்டால் எது தப்பு செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வோல்டேஜில் மிகுந்த கவனம் வேண்டும். டிடிஆர்4-க்கு எக்ஸ்எம்பி சொல்லும் 1.35-ஐத் தாண்ட ஆரம்ப நிலையில் இருப்பவருக்குத் தேவையே வராது. ரைசன் 7000 வைத்திருப்பவர்கள் எக்ஸ்போவை ஆன் செய்யும் முன் பயாஸை அப்டேட் செய்துகொள்ளுங்கள். 2023-ல் சில பிராசசர்கள் கருகிய பிறகு, பிராசசரின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி ஏஎம்டி புதிய பயாஸ் வழியாகத்தான் கட்டுப்படுத்தியது. பயாஸ் அப்டேட்டின்போது கரண்ட் போனால் போர்டு கைவிட்டுப் போகலாம், யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடங்க வேண்டாம்.

இதற்கெல்லாம் நடுவில் கம்ப்யூட்டர் திரையே காட்டாமல் போனால் பதற வேண்டியதில்லை. சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்குங்கள். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளியாக ஒரு பேட்டரி இருக்கும். அதைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்து திரும்பப் போட்டால் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஜெடெக் வேகத்துக்கு வந்துவிடும். கிளியர் சிமாஸ் என்று எழுதிய இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் சில நொடி தொட்டாலும் இதே பலன். பழைய எண்களைத் திரும்பப் போட வேண்டியிருக்கும் என்பதால் முதலிலேயே பயாஸ் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 3600-ஐ விட்டுவிட்டேன். கணக்குப் போட்டால் 3600-ல் சிஎல் 18-ம் 3200-ல் சிஎல் 16-ம் அதே பத்து நானோ வினாடிதானே. 3200-க்கே திரும்பி, டைமிங்கை மட்டும் ஒவ்வொன்றாக இறக்கினேன். சிஎல் 15 போட்டால் போர்டு தானாக 16 ஆக்கிவிட்டது. பயாஸில் கியர் டவுன் மோட் என்ற செட்டிங் ஆன் ஆகியிருந்தால் ஒற்றைப்படை சிஎல்லை ஏற்காது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 14-ல் எழவில்லை. இரண்டாவது எண்ணை 18-இலிருந்து 17-க்குக் கொண்டுவர முடிந்தது. மே மாத மதியம் நான்கு சுற்று, ஒரு சிவப்பு வரிகூட இல்லை. 3200, 16-17-18-38, 1.35 வோல்ட் என்று ஒரு சீட்டில் எழுதி கேபினட்டின் பக்கக் கதவுக்கு உள்புறம் ஒட்டியிருக்கிறேன். இப்போது ஓடிக்கொண்டிருப்பது அதில்தான்.